'போகட்டும்' என்று எழுதிய சீட்டு

1

எங்கள் நகரத்துக் கூடைப்பந்து அணி தன் மூத்த ஆட்டக்காரர்கள் மூன்று பேரை வேறு ஊர்களுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு மீசை சரியாக முளைக்காத பிள்ளைகளை வாங்கிக்கொண்டு இந்தப் பிப்ரவரியோடு ஒரு வருடம் ஆகிறது. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் இந்த ஆட்டத்தைச் சம்பளத்துக்கு ஆடுகிறார்கள். காலையில் ஒரு ஊரின் செல்லப்பிள்ளையாக எழுந்தவன், மதியம் வரும் ஒரு போனில் வேறு ஊர்க்காரன் ஆகிவிடுவான். இதற்கு 'டிரேட்' என்று பெயர். அவனுடைய சம்மதத்தைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

அந்த டிரேட்டுகள் நடந்த வாரம் என் மகள் தரணி வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் தனியாக வேறு வீட்டில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்க மட்டும் எங்களிடம் வருவாள். எங்களுக்குள் பேசிக்கொள்ள இந்த அணியை விட்டால் வேறு விஷயம் குறைவு.

"டாட், எமோஷனலா பாக்காதீங்க. அந்த சென்டருக்கு முப்பத்தாறு வயசு. முட்டி போச்சு. இன்னும் ரெண்டு வருஷம் வெச்சிருந்தா டீம் நடுவுலயே நிக்கும், ஜெயிக்கவும் ஜெயிக்காது, அடியிலயும் போகாது. அடியில போனாத்தான் நல்ல புதுப் பசங்களை முதல்ல எடுக்க முடியும். இப்பவே எல்லாத்தையும் கலைச்சிட்டுப் புதுசா கட்டினா அஞ்சு வருஷத்துல கப்பு."

"பன்னிரண்டு வருஷம் நடுவுல நின்னு இந்த ஊருக்காக ஆடினவன் அவன்" என்றேன்.

"சம்பளம் வாங்கினாரே?"

எனக்குக் கோபம் வந்தது. விசுவாசம், நன்றி என்று ஏதேதோ பேசினேன். சமையலறையில் இருந்த என் மனைவி சுநந்தாகூட எட்டிப் பார்த்தாள். தரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "நீங்களும் இந்தியாவுல ஆடினீங்கதானே? யாரையாவது டீமை விட்டு அனுப்பியிருக்கீங்களா?"

"இல்லை" என்றேன்.

அது பொய். அந்தப் பொய்க்கு அப்போதே முப்பது வயதாகியிருந்தது.

2

எண்பதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் எங்களுக்கு ஒரு அணி இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒன்றாக ஆடத் தொடங்கிய ஐந்து பேர், முப்பது வயதைத் தாண்டியும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தோம். பெரிய சேகர், சின்ன சேகர் என்று இரண்டு சேகர்கள். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்த கோபால். பொதுப்பணித்துறை அலுவலகத்தில் வரைவாளராக இருந்த நான். பிறகு கிளியனூர் ஏழுமலை.

பிறகு என்று எழுதிவிட்டேன். உண்மையில் முதலில் ஏழுமலை, அவனுக்குப் பிறகுதான் நாங்கள் எல்லோரும். ஆறடி இரண்டங்குலம். வீட்டில் நெல்லும் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், பயிர். காலையில் ஏர் பிடித்துவிட்டு, மத்தியான பஸ்ஸில் திண்டிவனம் வந்து, மாலை ஆடுவான். எங்கள் மைதானம் செம்மண் தரை. சுண்ணாம்புத்தூளில் கோடு போட்டு, இரண்டு பக்கமும் பலகையை நட்டுவைத்திருந்தோம். அந்தப் பலகைக்குக் கீழே ஏழுமலை போய் நின்றால் எதிர் அணிக்காரன் தானாக அரை அடி பின்வாங்குவான். அவன் அதட்டியதும் இல்லை, இடித்ததும் இல்லை. சும்மா நிற்பான்.

அணியின் செயலாளர் நான். போட்டிக்குக் கடிதம் எழுதுவது, கடலூரில் இருந்த மாவட்டச் சங்கத்துக்கு நடையாய் நடப்பது, பனியனுக்கு எண் தைக்கக் கொடுப்பது எல்லாம் நான். ஆட்டத்திலும் பந்தை அவன் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நான்தான். அவன் துள்ளி, விரல் நுனியால் வளையத்துக்குள் தள்ளுவான். கை தட்டுவது அவனுக்கு. ஒருமுறை மாவட்டக் கோப்பையை ஜெயித்தபோது உள்ளூர்ப் பத்திரிகையில் 'ஏழுமலையும் குழுவினரும்' என்று போட்டார்கள். பத்திரிகைக்குச் செய்தி எழுதிக் கொடுத்தவனும் நான். ஐந்து பேர் பெயரையும் முத்துமுத்தாக எழுதியிருந்தேன். அச்சில் அவன் மட்டும் மிஞ்சினான், நான் குழுவினர் ஆனேன்.

நாங்கள் மேல்சித்தாமூர் பக்கத்து ஜைனர்கள். இருட்டிய பிறகு சாப்பிட மாட்டோம். அதனால் ஆட்டம் இருக்கும் நாட்களில் அம்மா ஐந்து மணிக்கே தூக்குக் கேரியரோடு மைதானத்துக்கு வந்துவிடுவாள். அப்பா இறந்த பிறகு அவளுக்கு நான் ஒரே பிள்ளை. நான் சாப்பிடும்போது ஏழுமலை பக்கத்தில் வந்து உட்காருவான். "இன்னாம்மா இன்னைக்கு?" என்பான். அம்மா மூடியில் அவனுக்கு ஒரு பங்கு வைப்பாள். வரவர அந்தப் பங்கு பெரிதானது. "புள்ளை எப்படி எகிறுறான் பாரு" என்று என்னிடமே சொல்வாள்.

அதுவும் எனக்கு வலித்தது. முப்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை இதை வெளியே சொல்ல முடியுமா? மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். வைத்திருக்க வைத்திருக்க அது வளர்ந்தது.

3

பிறகு தோற்க ஆரம்பித்தோம். விழுப்புரத்தில் ரயில்வே குடியிருப்புப் பக்கம் சிமெண்டுத் தரை போட்டார்கள். அங்கே ஒரு கோச் வந்து, பதினெட்டு இருபது வயதுப் பையன்களாகச் சேர்த்து ஒரு அணி கட்டினார். சிமெண்டுத் தரையில் பந்து எழும் வேகமே வேறு. இரண்டு வருடம் தொடர்ந்து அவர்கள் எங்களை ஓடவிட்டே தோற்கடித்தார்கள். இடைவேளையில் பெரிய சேகர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்குவதைப் பார்த்து, அவர்கள் அணிப் பையன்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அடித்திருந்தால்கூட அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது.

எங்களுக்கு ஷூவும் பஸ் செலவும் கொடுத்து வந்தவர் மல்லாட்டை எண்ணெய் மில் முதலாளி கோவிந்தசாமி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் நால்வரையும் மில்லுக்குக் கூப்பிட்டார். ஏழுமலையைக் கூப்பிடவில்லை. புண்ணாக்கு வாசனைக்கு நடுவே பெஞ்சு போட்டு உட்காரவைத்தார்.

"தோ பாருங்கப்பா. விழுப்புரம் கோச்சு நேத்து வந்துட்டுப் போனாரு. அவருகிட்ட ஆளு அதிகமாம். மூணு பசங்களுக்கு எடம் இல்லாம சும்மா உக்காந்துகினு இருக்கானுங்களாம். அந்த மூணு பேரை நமக்குத் தர்றேங்குறாரு. பதிலுக்கு ஏழுமலையைக் கேக்குறாரு. அவரு பசங்களுக்கு ஓடத் தெரியுது, நிக்கத் தெரியலையாம். பெரிய ஆளு ஒருத்தர் நடுவுல வேணுமாம்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலாளியே தொடர்ந்தார்.

"நான் மெஷின் ஓட்டுறவன். பெல்ட்டு தேஞ்சா மாத்திடுவேன். மனுசனை அப்படி மாத்தலாமான்னு எனக்குத் தெரியல. அதான் உங்களைக் கூப்டேன்."

கோபால்தான் முதலில் வாயைத் திறந்தான். "அண்ணே, பசங்க ஓடுவானுங்க, சரி. எங்க ஓடணும்னு யாரு சொல்றது? ஏழுமலை நடுவுல நின்னாத்தான் நாங்க நாலு பேரும் ஆடுறோம். அவன் இல்லன்னா இது டீமே இல்ல. தோத்தாலும் ஒண்ணா தோப்போம்."

"தோத்துக்கினே இருந்தா எவன் டிக்கெட்டு வாங்கி வருவான்?" என்றான் பெரிய சேகர். சின்ன சேகர் தலையை ஆட்டினான்.

இரண்டு சேகர்களும் அப்படிப் பேசியதற்குக் காரணம் இருந்தது. கோச் ஊருக்குள் வந்து ஏழுமலையைக் கேட்டுவிட்டுப் போன செய்தி முதல் நாளே எனக்குத் தெரியும். மாலையில் இருவரையும் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு அழைத்துப் போய், ஒரு மணி நேரம் பேசியிருந்தேன். ஏழுமலை திரும்பி ஓடிவருவதற்குள் எதிராளி இரண்டு கூடை போட்டுவிடுகிறான் என்றேன். மூன்று இளைஞர்கள் வந்தால் நம் ஆயுள் மூன்று வருடம் கூடும் என்றேன். எல்லாம் நியாயமான காரணங்கள்தான். அந்தக் காரணங்களை இப்போது தரணி சொன்னால்கூட நான் மறுக்க முடியாது. அணிக்கு நல்லது எது என்று மட்டும் பார்த்தால் அவனைக் கொடுத்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் நான் அணியைப் பார்க்கவில்லை. அவன் இல்லாத மைதானத்தைப் பார்த்தேன். அதில் நான் நடுவில் நின்றேன்.

"அவனுக்குமே இது நல்லதுதான் அண்ணே" என்று முதலாளியிடம் சொன்னேன். "விழுப்புரத்துல சிமெண்டு தரை. நாலு பேர் பார்ப்பாங்க."

முதலாளி ஆளுக்கொரு துண்டுத்தாளைக் கொடுத்தார். 'போகட்டும்', 'இருக்கட்டும்' இரண்டில் ஒன்றை எழுதி மடித்துத் தரச் சொன்னார். நான் வரைவாளன், என் எழுத்து ஊருக்கே தெரியும். அதனால் எழுத்தைச் சாய்த்து, கோணலாக, 'போகட்டும்' என்று எழுதினேன். மடிப்பை மட்டும் நகத்தால் நேராக நீவிக் கொடுத்தேன். இதைச் சொல்ல இப்போதுதான் வெட்கமாக இருக்கிறது.

முதலாளி ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். போகட்டும். போகட்டும். இருக்கட்டும். போகட்டும்.

"சரி" என்று தாள்களைக் கசக்கி மேசைக்கு அடியில் போட்டார். "அவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

4

ஒரு ஆட்டக்காரர் வேறு அணிக்குப் போவதென்றால் பழைய அணி ஆட்சேபணை இல்லாக் கடிதம் கொடுக்க வேண்டும். செயலாளர் கையெழுத்து, மாவட்டச் சங்கத்தின் முத்திரை, மூன்று நகல். கோபாலின் இன்ஸ்டிட்யூட்டில் நானே உட்கார்ந்து தட்டினேன். 'மேற்படி ஆட்டக்காரர் தங்கள் அணிக்குச் செல்வதில் எங்களுக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை.' கோபால் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "ஜல்தியா அடிக்கிறியே" என்றான்.

கடிதத்தை ஏழுமலையிடம் கொடுக்க பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். புதுச்சேரி பஸ்ஸுக்காக நின்றிருந்தான். வாங்கி, படிக்காமல் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"பார்சு, ஒண்ணு கேக்கறேன், நெஜத்தைச் சொல்லு. ஒரே ஒரு சீட்டுல இருக்கட்டும்னு இருந்துச்சாமே. மொதலாளி சொன்னாரு. அது நீயா?"

பார்சுவநாதன் என்ற என் பெயரை அவன் ஒருவன்தான் இவ்வளவு பிரியமாகச் சுருக்குவான்.

"நான்தான்டா" என்றேன். "வேற யாரு?"

அவன் முகம் எப்படியோ ஆனது. என் தோளில் கையை வைத்து ஒருமுறை அழுத்திவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான். அந்த முகத்தில் இருந்தது என்னைப் பிரியும் வருத்தம் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

விழுப்புரத்துக்குப் போய் ஏழுமலை மங்கிப்போவான் என்று எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. அவனைச் சுற்றி நான்கு பையன்கள் அம்பு மாதிரி ஓட, அவன் நடுவில் நின்று பந்தைப் பங்குபோட்டுக் கொடுத்தான். அடுத்த கோடையிலேயே இறுதி ஆட்டத்தில் எங்களை அடித்தார்கள். நான் இத்தனை வருடம் செய்த வேலையை அவன் செய்தான். கூட்டம் அதற்கும் அவனுக்கே கை தட்டியது. மேலும் ஐந்து வருடம் ஆடினான்.

எங்களுக்கு வந்த மூன்று பையன்களும் சோடை போகவில்லை. ஒரு வருடம் தடுமாறினார்கள். அதற்கடுத்த வருடம் திண்டிவனம் மாவட்டக் கோப்பையை எடுத்தது. அந்த இறுதி ஆட்டத்தில் நான் பெஞ்சில் உட்கார்ந்து, துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். மூன்று பேர் வந்ததில் ஒருவன் என் இடத்தில் ஆடினான். என்னைவிட நன்றாகவே ஆடினான்.

கணக்குப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் லாபம். அதனால்தான் யாராவது 'பழைய ஆட்களை மாற்றுவது சரியா தவறா' என்று வாதிட ஆரம்பித்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை. சரியான முடிவு ஒன்றை அழுகிய மனதோடு எடுக்க முடியும் என்பதை நான் செய்து பார்த்தவன்.

5

அதற்குப் பிறகு திண்டிவனத்தில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சுநந்தாவின் அண்ணன் இங்கே இருந்தார். அவர் எப்போதோ போட்டுவைத்திருந்த குடியேற்ற மனு கனிந்து வந்ததும், கைக்குழந்தை தரணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம். அம்மா வர மறுத்துவிட்டாள்.

இங்கே வந்ததும் முதலில் பெயர் போயிற்று. படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். எனக்கு இருப்பது ஒரே பெயர் என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாளிடம் எவ்வளவோ சொன்னேன். "எல்லோருக்கும் கடைசிப் பெயர் உண்டு" என்று சொல்லி, என் தகப்பனார் பெயரான அப்பாண்டைராஜனைக் கடைசிக் கட்டத்தில் அடைத்தாள். அது எந்த அட்டையிலும் முழுதாகக் கொள்ளாமல் முதல் நான்கு ஆங்கில எழுத்தோடு நின்றது. ஆபீசில் இன்றுவரை நான் 'மிஸ்டர் அப்பா'. வீட்டில் பெற்ற மகள் என்னை 'டாட்' என்கிறாள். ஆபீசில் பெறாத அத்தனை பேரும் 'அப்பா' என்கிறார்கள்.

வேலைக்கு நேர்காணலிலும் ஒரு கூத்து. காற்றுக் குழாய்கள் வடிவமைக்கும் கம்பெனி. மேலாளர் கடைசியாகக் கேட்டார்: "ஆர் யூ எ டீம் பிளேயர்?" நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "யெஸ் சார். பாயிண்ட் கார்டு பொசிஷன். திண்டிவனம்" என்றேன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்து அடங்க நேரமானது. வேலை கிடைத்துவிட்டது. மற்றவர்களோடு ஒத்துப்போகிறவனா என்பதுதான் அந்தக் கேள்வியின் அர்த்தம் என்று பிறகு தெரிந்தது. தெரிந்து கேட்டிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

6

அம்மாவிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். நீல உள்நாட்டுக் கடிதத் தாள் மாதிரி, ஆனால் விமானத்தில் வருவது. மூன்றாவது கடிதத்திலிருந்து அதில் ஏழுமலை வரத் தொடங்கினான்.

'ஏழுமலை வந்தான். அறுவடையில் ஒரு மூட்டை மல்லாட்டை போட்டுவிட்டுப் போனான். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.' 'ஏழுமலை கூரை ஓடு மாற்ற ஆள் கூட்டிவந்தான்.' 'எனக்குக் கண் மங்கலாக இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாளே ஏழுமலை புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்விட்டான். அங்கே நர்சு அவனைப் பார்த்து உங்கள் பிள்ளையா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நீ தப்பாக நினைக்காதே.'

நான் தப்பாகத்தான் நினைத்தேன். பனி கொட்டும் ஊரில், இரண்டு கையுறைகளையும் கழற்றி, அந்தக் கடிதத்தைத் தபால்பெட்டி அருகிலேயே நின்று படித்தேன். நன்றி வர வேண்டிய இடத்தில் எரிச்சல் வந்தது. மைதானத்தை எடுத்துக்கொண்டான், கை தட்டலை எடுத்துக்கொண்டான், இப்போது அம்மாவும் அவன் பக்கம் போய்விட்டாள். நான் பணம் அனுப்பினேன், அவன் நேரில் போனான். சுநந்தா ஒருமுறை, "அவருக்கு ஒரு நல்ல கைக்கடிகாரம் வாங்கி அனுப்புங்களேன்" என்றாள். வாங்கினேன். அனுப்பவில்லை.

அம்மா இறந்தபோது என் பாஸ்போர்ட் குடியேற்ற அலுவலகத்தில் ஒரு முத்திரைக்காகக் கிடந்தது. அவசரம் என்று எழுதிக் கொடுத்தேன். அவசரத்துக்குத் தனிப் படிவம் உண்டு, அதை வாங்க வேறு கட்டிடத்துக்குப் போக வேண்டும் என்றார்கள். போனேன். மரணச் சான்றிதழ் கேட்டார்கள். அது திண்டிவனத்திலிருந்து வர வேண்டும். எல்லாம் முடிந்து நான் போய் இறங்கியபோது பதினொரு நாள் ஆகியிருந்தது. சித்தப்பா மகன் கொள்ளி வைத்திருந்தான். பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்தது ஏழுமலை என்றார்கள். அவன் உயரத்துக்குப் பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்ததாம். அதனால் சுடுகாடு வரை முழங்காலை மடித்தே நடந்தானாம்.

அப்போதாவது நான் அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ரொம்ப தேங்க்ஸ்டா" என்று மட்டும் சொன்னேன்.

7

போன ஆனி மாதம் கோபாலின் கடைசி மகளுக்கு மயிலம் கோயிலில் கல்யாணம். நானும் சுநந்தாவும் போயிருந்தோம். பல வருடம் கழித்து வந்தவன், அமெரிக்காவிலிருந்து வந்தவன், நாலு பேர் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள் என்று ஒரு எண்ணம் எனக்குள் இருந்ததை மறைக்கவில்லை. சூழ்ந்தார்கள். பத்து நிமிடம். பிறகு வாசலில் ஏழுமலை வந்தான். தலை முழுக்க நரை, வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறான். மண்டபமே எழுந்து அவன் பக்கம் போயிற்று.

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தான். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். பொரியல் வைக்கும்வரை குடும்பக் கதை பேசினோம். சாம்பார் ஊற்றியதும் குரலைத் தாழ்த்தினான்.

"பார்சு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். முப்பது வருசமா சொல்லலாம் சொல்லலாம்னு வெச்சிக்கினே இருந்துட்டேன். அந்த விழுப்புரம் கோச்சு மில்லுக்கு வந்தாரே, அவரை அனுப்புனதே நான்தான்."

எனக்குப் புரியவில்லை.

"நான்தான்டா போய் அவரைப் பார்த்தேன். என்னை எடுத்துக்கங்க, பதிலுக்கு உங்ககிட்ட சும்மா கெடக்குற பசங்களை எங்க ஊருக்குக் குடுங்கன்னு கேட்டேன். எனக்குச் சலிச்சிப்போச்சு. ஸ்கூல்லேர்ந்து அஞ்சு பேரும் ஒரே ஆட்டத்தையே ஆடிக்கினு இருந்தோம். நீ எந்தப் பக்கம் பாஸ் போடுவேன்னு கண்ணை மூடிக்கினு சொல்லுவேன். புதுசா யார்கூடயாவது ஆடிப் பாக்கணும்னு ஆசை. நேரா சொன்னா நீங்க உட மாட்டீங்கன்னு மொதலாளி வழியா வந்தேன்."

நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாரும் போகட்டும்னு எழுதியிருந்தா நிம்மதியா போயிருப்பேன். நீ ஒருத்தன் இருக்கட்டும்னு எழுதிட்டே. பஸ் ஸ்டாண்டுல நீ சொன்னப்ப எனக்கு பேஜாரா பூடுச்சு. நம்மளை வேணும்னு சொன்ன ஒரே ஆளை உட்டுட்டுப் போறோமேன்னு. அப்பால அந்தப் பசங்க வந்து உன்னையே பெஞ்சுல உக்கார வெச்சிட்டாங்கன்னு கேட்டப்ப சோறு எறங்கல. நீயும் ஊரை உட்டுப் போனப்புறம், அதுக்காகத்தான் மொத தபா உங்கம்மாவைப் பார்க்கப் போனேன். அப்பால போனதெல்லாம் அந்தம்மாவுக்காக. ஆனா மொத தபா அதுக்காகத்தான்."

எதிர்வரிசையில் யாரோ ரசம் கேட்டார்கள். நான் எச்சில் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஏழுமலை, அந்தச் சீட்டு என்னுது இல்லடா. நான் போகட்டும்னுதான் எழுதினேன். கையெழுத்து தெரியக் கூடாதுன்னு கோணலா எழுதினேன். சேகருங்க ரெண்டு பேரையும் மொத நாளே பேசி மாத்தினதும் நான்தான்."

அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். "ஏன்?"

"பொறாமை."

"எம்மேலயா? நான் பத்தாவது ஃபெயிலுடா. ஏரோட்டிக்கினு இருந்தவன். நீ கவர்மெண்டு உத்தியோகம்."

"நீ சும்மா நின்னாலே எல்லாரும் உன்னைத்தான் பார்த்தாங்க."

அவன் இலையில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். பரிமாறுகிறவர் வந்து நின்று, எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு நகர்ந்தார். பிறகு ஏழுமலை கேட்டான்:

"அப்ப அந்த ஒரு சீட்டு?"

"கோபாலாத்தான் இருக்கணும்."

அவன் எழுந்தான். கையைக் கழுவிக்கொண்டு வந்து, தாம்பூலப் பைகளோடு அலைந்துகொண்டிருந்த கோபாலை நிறுத்தினான். தூரத்தில் நின்றிருந்ததால் என்ன பேசினான் என்று எனக்குக் கேட்கவில்லை. கோபால் முதலில் விழித்தான், பிறகு நெற்றியைச் சுருக்கி யோசித்தான், பிறகு சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான். ஏழுமலை அவனுடைய இரண்டு கைகளையும் பைகளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். கோபாலின் கண் கலங்கியது இங்கிருந்தே தெரிந்தது.

போகும்போது என்னிடம் வந்தான். கோபமாக இல்லை. அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அன்னைக்கே நீ நெஜத்தைச் சொல்லியிருந்தா உங்கம்மா வூட்டுப் படி ஏறியிருக்க மாட்டேன். அந்தம்மாவுக்காகப் பார்த்தா நீ பொய் சொன்னது நல்லதாப் போச்சு" என்றான். "வர்றேன்" என்று சுநந்தாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான்.

8

திரும்பி வந்து, ஆட்டங்கள் மறுபடி தொடங்கியதும் தரணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் புரியும் தமிழில், புரியாத இடத்தில் என் ஆங்கிலத்தில். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் புதிய பையன்கள் வழக்கம்போல் தோற்றுக்கொண்டிருந்தார்கள். அவள் டிவியின் ஒலியை நிறுத்தினாள்.

"பட் டாட், அவர் போகணும்னுதானே இருந்தார்? நீங்க எப்படி எழுதியிருந்தாலும் போயிருப்பார்."

"ஆமாம்."

"தென் நீங்க செஞ்சது எதையும் மாத்தலையே."

அதுதான் என்னால் தாங்க முடியவில்லை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. முப்பது வருடம் நான் அவனை வீழ்த்தியதாக நினைத்துக் கூசினேன். அவனோ எனக்கு முன்பே தானாக விழுப்புரம் போய், தன் வழியைத் தானே பேசி முடித்திருக்கிறான். நான் செய்த துரோகம்கூட அவனுக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்கவில்லை. நான் சொன்ன பொய்தான் அவனை என் அம்மாவோடு கட்டிப்போட்டது.

இப்போது ஞாயிறுதோறும் காலையில், அதாவது ஊரில் மாலை, அவனுக்குப் போன் செய்கிறேன். அவன் மனைவி எடுத்து, "கொல்லிக்குப் போயிருக்காருங்க, வந்தா சொல்றேன்" என்று மரியாதையாகச் சொல்கிறார். எட்டு மாதமாக அவன் வயற்கொல்லையிலேயே இருக்கிறான்.

கோபால் பேசுவான். போன வாரம் பேசினான். ஏழுமலை வாரத்துக்கு மூன்று நாள் பஸ் ஏறித் திண்டிவனம் வருகிறானாம். இருவரும் சாயங்காலம் மைதானம் வரை நடக்கிறார்களாம். இப்போது அங்கேயும் சிமெண்டுத் தரை. முந்தாநாள் யாரிடமோ பந்தை வாங்கி, நின்ற இடத்திலிருந்தே ஆளுக்குப் பத்து தரம் எறிந்தார்களாம். கோபால் நான்கு போட்டானாம், ஏழுமலை மூன்றுதானாம். "தோத்துட்டு இன்னா சிரிப்பு சிரிச்சான் தெரியுமா? எங்க வூட்டுலதான் சாப்ட்டான்" என்று கோபால் சொல்லிக்கொண்டே போனான்.

"இன்னாடா பார்சு, லைனு கட்டாயிடுச்சா?"

"இல்லை" என்றேன். "அப்புறம்? சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க?"